இரண்டு பக்கத்துக்கும் ஒருத்தி

காலையில் குளித்துவிட்டு அலமாரியைத் திறந்தால்தான் அன்றைக்கு அவள் யார் என்பது முடிவாகும். வெள்ளைக் கோட்டை எடுத்தால் செவிலியர் கல்லூரி ஆசிரியை, எல்லோருக்கும் ‘மேடம்’. நீலச் சட்டையும் பேன்ட்டும் எடுத்தால் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எல்லோருக்கும் ‘சிஸ்டர்’. வாரத்தில் நாலு நாள் மேடம், இரண்டு நாள் சிஸ்டர். முன்னறையில் உட்கார்ந்திருக்கும் மாமனாருக்குக் காது மந்தம், கண் மட்டும் படு கூர்மை. அவள் நீலத்தில் வெளியே வந்தால், “இன்னிக்கு நீலம். சாயந்தரம் இவகிட்ட யாரும் வாயைக் குடுக்காதீங்க” என்று வீட்டுக்கே அறிவித்துவிடுவார்.

இது அவள் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய வாழ்க்கை இல்லை. சொல்லப்போனால் வார்டிலிருந்து தப்பித்து ஓடி வந்தவள் அவள். படித்து முடித்த கையோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து, இரவும் பகலும் மாறி மாறி நின்று, இரண்டு குழந்தை பெற்று, முழங்கால் தேய ஆரம்பித்ததும் மேல்படிப்பு படித்துக் கல்லூரிக்கு வந்துவிட்டாள். சொல்லிக் கொடுக்கும் ஆர்வத்தில் வந்தீர்களா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்பாள். உண்மையான காரணம், கல்லூரியில் நாற்காலி இருந்தது. ஆனால் வகுப்பில் அவள் அதில் உட்கார்ந்ததே இல்லை. நின்றுதான் பாடம் நடத்த வேண்டும் என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். உட்காரலாம் என்கிற நினைப்பே போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரியும் கல்லூரியும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருந்தன. அங்கே நர்ஸ் பற்றாக்குறை, இங்கே நோயாளி பற்றாக்குறை. மாணவிகள் ரப்பர் பொம்மைக்கே ஊசி போட்டுப் போட்டு அதன் கை சல்லடையாகிவிட்டது. வாரம் ஒருநாள் ஆசிரியை ஒருத்தி மாணவிகளைக் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போவாள். வார்டு நர்ஸுகள், “வந்துருச்சு ஊர்வலம்” என்பார்கள். மாணவிகள் சுவரோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு தெர்மாமீட்டர் உடைந்தால், “உங்க பிள்ளைங்கதான்” என்று அவர்களும், “உங்க வார்டுல எதுதான் இருந்த இடத்துல இருக்கு?” என்று இவர்களும் மாதக்கணக்கில் மல்லுக்கு நிற்பார்கள்.

ஒருநாள் கல்லூரி முதல்வரும் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கல்லூரி ஆசிரியைகள் வாரத்தில் இரண்டு நாள் வார்டில் நர்ஸாகவே வேலை பார்ப்பது, மாணவிகள் அவர்கள் கூடவே நின்று கற்றுக்கொள்வது. பதிலுக்கு வார்டு சிஸ்டர்கள் வாரம் ஒரு மத்தியானம் கல்லூரிக்கு வந்து வகுப்பெடுப்பது. கைகுலுக்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியைகள் கூட்டத்தில், “முதல்ல யார் போறீங்க?” என்று முதல்வர் கேட்டபோது அத்தனை பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் மட்டும் மேசைக்கடியில் கழன்ற செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். அது அகப்பட்டு நிமிர்வதற்கும், “ரொம்ப நன்றி மேடம்” என்று முதல்வர் சொல்வதற்கும் சரியாக இருந்தது.

அவளைப் போட்டது பெண்கள் அறுவை சிகிச்சை வார்டில். அங்கே வார்டு சிஸ்டராக இருந்தவள் அவளுடைய பழைய மாணவி. நிற்கிற இடத்தில் நிற்காமல் தத்தித் தத்தி ஓடுவதால் படிக்கும் காலத்திலேயே ‘சிட்டு’ என்று பெயர். முதல் நாள் சிட்டு பக்கத்தில் வந்து, அந்தக் காலத்தில் ‘மேடம், உள்ளே வரலாமா?’ என்று கேட்ட அதே குரலில், “மேடம், மூணாவது பெட் அம்மாவுக்கு பெட்பேன் வைக்கணும். கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?” என்றாள். சொல்லும்போதே அவள் காது மடல் சிவந்துவிட்டது. மேடமும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு போய், படுத்தபடியே மலஜலம் கழிக்கும் அந்தப் பாத்திரத்தை எடுத்து வைத்தாள். மாணவிகள் நாலு பேர் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள்.

கை மறந்துவிட்டிருந்தது. பாட்டில்கள் மாறியிருந்தன, ஊசிகள் மாறியிருந்தன, டிரிப் ஓட்டுவதற்கு ஒரு மிஷின் வந்து எந்நேரமும் கத்திக்கொண்டிருந்தது. இரண்டாவது வாரம் ஒரு வயதான அம்மாளுக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தரம் குத்தினாள், இரண்டு தரமும் தப்பியது. ‘ரெண்டு தரத்துக்கு மேல முயற்சி பண்ணாதீங்க, வேற ஆளைக் கூப்பிடுங்க’ என்று வருஷா வருஷம் வகுப்பில் சொன்னவள், அதன்படி சிட்டுவைக் கூப்பிட்டாள். சிட்டுவுக்கும் கிடைக்கவில்லை. கடைசியில் அந்தப் பக்கமாகப் போன மயக்க மருந்து டாக்டர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே புறங்கையில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து ஏற்றிவிட்டுப் போனார். “மேடமுக்கே வரலடி” என்று பின்னால் ஒரு மாணவி கிசுகிசுத்தாள். அது கேலியா, தனக்கு மட்டுமில்லை என்ற நிம்மதியா என்று அவளுக்கு விளங்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தாள்.

சிட்டு வகுப்பெடுக்க வந்த கதை அதைவிடச் சுருக்கம். முதல் வாரம் புத்தகத்தை விரித்து வைத்து வரி விடாமல் வாசித்தாள். பின்வரிசை தூங்கியது. இரண்டாவது வாரம் பாதியில், “எனக்கு வார்டுல வேலை இருக்கு” என்று எழுந்து போனாள். மூன்றாவது வாரம் அவசர கேஸ் என்று தகவல் வந்தது. அதற்கப்புறம் தகவலும் வரவில்லை. ஒப்பந்தத்தில் ஆஸ்பத்திரியின் பங்கு அப்படியே காற்றோடு போக, கல்லூரியின் பங்கு மட்டும் அவள் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

பெரிய சிக்கல் ஒன்று வந்தது மழைக்காலத்தில். அன்றைக்கு அவள் நீலத்தில் இருந்தாள். வார்டு பட்டியலில் ஆறு படுக்கை அவள் பொறுப்பு. கல்லூரிப் பட்டியலில் நாலு மாணவிகள் அவள் பொறுப்பு. ஜன்னலோரப் படுக்கையில் இருந்தவர் துணி இஸ்திரி போடும் கடை வைத்திருக்கும் அம்மா. பித்தப்பையில் கல், அன்று காலை ஆபரேஷன். படுக்கைக்கு மேலே சுவரில், ‘வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது’ என்று ஒரு அட்டை தொங்கியது. விடியற்காலையிலிருந்து கூரை சொட்டு சொட்டாக ஒழுக ஆரம்பித்து, இஸ்திரிக்கடை அம்மாவின் போர்வை நனைந்தது. வார்டு ஆயாவும் இரண்டு மாணவிகளும் சேர்ந்து கட்டிலை எதிர்வரிசைக்குத் தள்ளினார்கள். கட்டில் போனது, அட்டை சுவரிலேயே தங்கிவிட்டது.

அவள் அதைக் கவனிப்பதற்குள் சிட்டு ஓடி வந்தாள். “மேடம், கோடி பெட் பாட்டிக்கு மூச்சு வாங்குது. உடனே ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் சொல்றார். ஆக்சிஜனோட கூடப் போக நர்ஸ் வேணும். என்கிட்ட ஆளே இல்ல.”

“நாலு பிள்ளைங்களை விட்டுட்டு எப்படிம்மா போறது?”

“நான் பார்த்துக்கறேன் மேடம். போன சுருக்குல வந்துடலாம்.”

போன சுருக்கில் வர முடியவில்லை. ஸ்கேன் அறை வாசலில் ஏற்கெனவே மூன்று ஸ்ட்ரெச்சர். அவள் ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு, பாட்டியின் விரல் நகம் நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். இங்கே வார்டில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார். சிட்டு அவர் பின்னால் ஓடினாள்.

நாலு மாணவிகளில் ஒருத்திக்குத் தோழிகள் வைத்த பெயர் ‘தூறல்’. குரலை உயர்த்தினாலே கண்ணில் தண்ணீர் கட்டிவிடும். அவள் டீ கொண்டுவரும் ஆயாவுக்கு உதவியாகத் தம்ளர்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்கடை அம்மா கையை நீட்டினார்.

“பாப்பா, நேத்திலேர்ந்து தொண்டை வறண்டு கெடக்கு. எனக்கும் ஒரு வாய் குடும்மா.”

தூறல் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அட்டை இல்லை. கொடுத்தாள்.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்தபோது அந்த அம்மா காலித் தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக ஏப்பம் விட்டார். “டீ குடிச்சீங்களா?” என்று கூட்டிப்போக வந்த ஆள் அலறினான். “ராத்திரியே சொன்னாங்கல்ல, ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு?”

“சாப்பிடலையே. டீ என்ன சாப்பாடா?” என்றார் அந்த அம்மா.

வயிற்றில் ஏதாவது இருக்கும்போது மயக்கம் கொடுத்தால், அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. சர்ஜன் கத்தினார். அந்த அம்மாவின் மகன் அதைவிட அதிகமாகக் கத்தினான். ஃபோர்மேன் காலில் விழாத குறையாக லீவு வாங்கி வந்தவன். அவள் ஸ்கேன் முடிந்து பாட்டியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

முன்பெல்லாம் இப்படி நடந்தால் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். இப்போது இரண்டு கையும் ஒரே ஆளைக் காட்டின. “அந்தப் பொண்ணு உங்க கல்லூரி மாணவி. பொறுப்பு டீச்சரோடது” என்றார் மேட்ரன். “வார்டுக்குள்ள நடந்தா வார்டு பொறுப்பு. அந்த பெட் எந்த நர்ஸோடது?” என்றார் முதல்வர். டீச்சரும் அவள்தான், நர்ஸும் அவள்தான். ஆஸ்பத்திரி அவளிடம் விளக்கம் கேட்டது. அதோடு நிற்காமல், கல்லூரியின் பயிற்சிப் பொறுப்பாளருக்குப் புகாரும் அனுப்பியது. பயிற்சிப் பொறுப்பாளர் யார்? அவளேதான். தன் மேல் வந்த புகாரைத் தானே பிரித்து, தன்னிடமே விளக்கம் கேட்க வேண்டிய நிலைமை.

வீட்டில் சொன்னபோது பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவன் முதலில் சிரித்தான். “ரெண்டு பஸ்ஸுக்கு ஒரே டிரைவரைப் போட்டுட்டு, ரெண்டும் மோதிடுச்சுன்னா எந்த டிரைவர் மேல தப்புன்னு கேட்ட கதையா இருக்கே.” அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பை விழுங்கிவிட்டு, “கால் நீட்டு” என்று தைலத்தை எடுத்து வந்தான்.

மறுநாள் அவள் வெள்ளையில் இருந்தாலும் மத்தியான இடைவேளையில் ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். இஸ்திரிக்கடை அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. பாதி மயக்கத்தில் அவர், “அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. நான் கேட்டேன், அது குடுத்துச்சு. டீயும் நல்ல சூடு” என்றார். மகன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் கோபம் நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. மன்னிப்புக் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அது சரி என்றா, போய்விடு என்றா, தெரியவில்லை.

கல்லூரிப் படிக்கட்டில் தூறல் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதுதான் பார்க்கவே என்னவோ போலிருந்தது.

“அழுதியா?”

“வரல மேடம்.”

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் வலி வேறு.

“நான் போர்டு இருக்கான்னு பார்த்தேன் மேடம்.”

“தெரியும்.”

“சுவத்துல இல்ல.”

“தெரியும்மா. இன்னிக்கு ஆபரேஷனான்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்கல. நீங்க போர்டைப் பாருன்னுதான்…” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஆமா. போர்டைப் பாருன்னுதான் சொல்லிக் குடுத்தேன். ஆளையும் கேளுன்னு சேர்த்துச் சொல்லியிருக்கணும்.”

“என்னை அனுப்பிடுவாங்களா?”

அனுப்ப மாட்டார்கள் என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். தெரியாததை எப்படிச் சொல்வது? “எழுந்து கிளாஸுக்குப் போ. பெல் அடிச்சாச்சு” என்றாள்.

விசாரணை மேட்ரன் அறையில் நடந்தது. முதல்வர் ஒரு கோப்போடு வந்தார், மேட்ரன் ஒரு கோப்போடு இருந்தார். இருவரும் மரியாதையாகவே ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் ‘உங்க ஆளு’, ‘உங்க ஆளு’ என்ற பழைய பாட்டுக்கு வந்துவிட்டார்கள். அவள் நடுவில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கோபமோ பயமோ வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

“என் தப்புன்னே எழுதிக்குங்க” என்றாள்.

இருவர் முகங்களும் ஒரே நேரத்தில் தெளிந்தன. இத்தனை மாதத்தில் அந்த இரண்டு பக்கமும் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு கணத்தில்தான். மேட்ரன் பேனா மூடியைத் திறந்தார்.

அப்போது கதவு திறந்தது. சிட்டு. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, வார்டிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

“மேட்ரன், மேடத்தை ஸ்கேனுக்கு அனுப்பினது நான். பிள்ளைங்களைப் பார்த்துக்கறேன்னு சொன்னதும் நான். பார்க்கல.”

“உன்னை இங்க யாரு கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிடல. கூப்பிட மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் நானே வந்தேன்.”

மேட்ரன் பேனாவைக் கீழே வைத்தார். சிட்டுவின் நெற்றியில் வியர்வை. இவள் நம்மிடம் படித்தவள் என்ற பெருமை எல்லாம் அவளுக்கு வரவில்லை. இவளுக்கும் கால் வலிக்கும் என்றுதான் தோன்றியது. அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

“நான் ஒண்ணு சொல்றேன்” என்றாள். “ஆறு பெட்டுக்கும் நான்தான், நாலு பிள்ளைங்களுக்கும் நான்தான். உங்க பட்டியல்ல ஒரு முழு ஆள், இவங்க பட்டியல்ல ஒரு முழு ஆள். ஆனா வர்றது ஒருத்திதானே? சொல்லிக் குடுக்க நின்னா நோயாளி காத்துக் கெடக்கறாங்க. நோயாளியைப் பார்த்தா பிள்ளைங்க அநாதையா நிக்குது. மாணவிங்க இருக்கற நேரத்துல என்னை நர்ஸ் கணக்குல சேர்க்காதீங்க.”

“அப்படின்னா எங்களுக்கு இதுல என்ன பிரயோஜனம்? எனக்கு ஆள் வேணும்னுதானே சரின்னேன்?” என்றார் மேட்ரன். ஒளிவுமறைவில்லாத பேச்சு.

பேசிப் பேசி, டீ வந்து ஆறி, கடைசியில் அரையும் குறையுமாக ஒரு முடிவு வந்தது. மாணவிகள் இருக்கும் காலை நேரத்தில் அவளுக்கு இரண்டே படுக்கை; கூட இரண்டே மாணவிகள். அவர்கள் போன பிறகு அவள் முழு நர்ஸ். மற்ற மாணவிகளை இன்னும் இரண்டு ஆசிரியைகள் பிரித்துக்கொள்ள வேண்டும். தூறலுக்கு எச்சரிக்கையோடு சரி. கூடுதலாகக் கொஞ்ச நாள் வார்டு வேலை. அட்டையை இனிமேல் சுவரில் மாட்டாமல் கட்டிலில் கட்டுவது. இவ்வளவுதான். முதல்வருக்கும் திருப்தியில்லை, மேட்ரனுக்கும் திருப்தியில்லை. வெளியே வந்ததும் சிட்டு, “மேடம், வகுப்புக்கு வராததுக்கு மன்னிச்சிருங்க. அங்க வந்து நின்னாலே எனக்குக் கை காலெல்லாம் உதறுது” என்றாள். “வார்டுல எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்திருக்கலாம். வார்டில் மிஷின் கத்தியது. சிட்டு ஓடிவிட்டாள்.

தூறலை அவள் தன்னோடே வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அதற்கப்புறம் யாருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பு கட்டிலைப் பார்ப்பாள், நோயாளியைக் கேட்பாள், கூட இருப்பவரைக் கேட்பாள், கடைசியில் வந்து மேடத்தையும் கேட்பாள். “தண்ணி குடுடி, தாகத்துலயே போயிடப் போறாங்க” என்று மேடமே கத்தும்படி ஆனது. அப்போது தூறலின் கண் பழையபடி தூற ஆரம்பித்தது. படித்து முடித்து வேறெங்கோ வேலைக்குப் போய்விட்டாள்.

இரண்டு ஆசிரியைகள் வர வேண்டிய இடத்தில் ஒருத்தி வந்தாள். இன்னொருத்தி வேலையையே விட்டுவிட்டாள். சிட்டு அடுத்த வருஷம் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். புதிதாக வந்த வார்டு சிஸ்டருக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. தயக்கமே இல்லாமல், “சிஸ்டர், நாலாவது பெட் துணி மாத்துங்க” என்பாள். வேலை சுளுவாகத்தான் நடந்தது. ஆனாலும் காது மடல் சிவக்க யாராவது சொன்னால் தேவலை என்று சில நாள் அவளுக்கு இருக்கும். ஏற்பாடு நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்தது. நின்றுபோகவில்லை என்பதே அதைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரிய நல்ல விஷயம்.

ஒருநாள், வார்டு வேலைக்கு அடுத்த நாள், வகுப்பில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் கனத்த உடம்புக்காரர் ஒருவரை நாலு தரம் புரட்டியிருந்தாள். பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேசை மேல் சாய்ந்தாள். மாணவிகள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“இப்படிப் பிடிச்சுக்கும். அதனாலதான் முதுகை வளைக்காம முழங்காலை மடக்கித் தூக்குன்னு சொல்றது. நேத்து நான் மறந்துட்டேன்” என்றாள்.

முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து நாற்காலியை அவள் பின்னால் இழுத்துப் போட்டாள். அவள் ஒரு தரம் நாற்காலியைப் பார்த்தாள், ஒரு தரம் வகுப்பைப் பார்த்தாள். உட்கார்ந்துகொண்டே மீதிப் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.